இடது விளக்கு

மணி ஏழரை இருக்கும். மழை விட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பகா ஊருக்கு வெளியே, பெரிய சாலையை விட்டு இறங்கி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் போகிற செம்மண் சாலை... பகலில் பழ லோரி ஓடும். பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு மோட்டார்கூட அந்தப் பக்கம் திரும்பாது. இரண்டு பக்கமும் கிழட்டு மரங்கள். மட்டைகள் மேலே கூடிக் கூரை போட்ட மாதிரி நிற்கும். அதிலிருந்து தண்ணீர் சொட்... சொட்... வேறு சத்தமே கிடையாது.

அந்தச் சாலையில்தான் அன்றைக்கு இரண்டு வண்டிகள் உள்ளே போயின. இரண்டு. இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்வோம்.

முன்வண்டியில் ஹேமநாதன். என் பக்கத்து வீட்டு விமலாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, பகாவில் வயரிங் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். காடுமேடு ஏறுகிற ஜீப்புகளுக்குக் கூடுதலாக எதை மாட்டினாலும், பனிவிளக்கோ, இழுவைக் கம்பி சுற்றும் விஞ்ச்சோ, காற்றடிக்கும் பம்போ, சுவிட்சும் ரிலேயும் வைத்து வயர் இழுத்துக் கொடுப்பது அவன் தொழில். பின்வண்டியில் புனிதன். ஹேமநாதனின் தங்கை திலகாவுக்குப் புருஷன். ஆசைப்பட்டு ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கியிருந்தான். அன்றைக்குப் பகலெல்லாம் ஹேமநாதன் அதற்குத்தான் வயர் இழுத்தான். புது விளக்கைச் சோதிக்க இருட்டு வேண்டும், சேறு வேண்டும். இரண்டும் அந்தத் தோட்டத்தில் தாராளம்.

பகலில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

புனிதன் கொண்டுவந்து கொடுத்த இரண்டு மஞ்சள் விளக்குகளும் புதுசு இல்லை. பழைய இரும்புக்கடையில் வயரோடு, ரிலேயோடு சேர்த்து வாங்கியது. எந்த வண்டியில் கழற்றினார்கள் என்று கேட்டதற்குக் கடைக்காரன் சரியாகச் சொல்லவில்லையாம். ரிலே என்றால், கறுப்பாக, தீப்பெட்டி அளவில், கீழே செம்புக் கால்கள் வைத்த ஒரு பெட்டி. நாம் சுவிட்சைத் தட்டினால் அது உள்ளே டிக்கென்று கடிக்கும். கடித்தால்தான் பேட்டரியிலிருந்து விளக்குக்குக் கரண்டு ஓடும். விளக்குக்கு ஒன்றாக இரண்டு ரிலே. மாட்டிப் பார்த்தால் வலது விளக்கு தட்டியவுடனே எரிகிறது. இடது விளக்கு... ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துத்தான் எரிகிறது. கழற்றிப் பார்த்தான். இடது ரிலேயின் கால்களில் சாம்பல் நிறச் சேறு, காய்ந்து பாறையாகி ஒட்டியிருந்தது. இது தண்ணிக்குள் கிடந்த வண்டியின் சாமான் என்று ஹேமநாதன் சொன்னான். மச்சானுக்குப் புதுசு விற்க ஆசை, அதான் கதை விடுறார் என்று புனிதன் கிண்டல் பண்ணினான். இருக்கட்டும் என்று கடையிலிருந்த புது ரிலே ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, கழற்றியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் ஹேமநாதன். அது அவன் பழக்கம். கழற்றிய சாமான் பையில்தான் போகும். மேசையில் வைத்தால் புதுசோடு கலந்துவிடும்.

மறுபடி தட்டிப் பார்த்தார்கள். இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில், பளீரென்று.

புனிதன் வீட்டிலிருந்து புறப்படும்போது திலகா வாசல் வரைக்கும் வந்தாள். ஏழு மாத வயிறு. இடுப்பில் ஒரு கை.

"அண்ணே, இவரு இப்பதான் இந்த வண்டியையே பழகுறாரு. எங்கயாவது பின்னால விட்டுட்டு வந்துறாத."

"என் பின்னாலேயேதான் வருவான். அவன விட்டுட்டு நான் இந்தப் படி ஏற மாட்டேன், போதுமா?"

சொல்லிவிட்டான். அண்ணன் தங்கச்சிக்குச் சொன்ன வார்த்தை.

இந்த ஜீப்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காட்டுக்குள் கூட்டமாகப் போனால், முன்னால் போகிறவன் ஒவ்வொரு சிம்பாங்கிலும், சாலை இரண்டாகப் பிரிகிற இடத்திலெல்லாம், நின்று பின்விளக்கை இரண்டு தரம் வெட்டிக் காட்டுவான். பின்னால் வருகிறவன் பதிலுக்கு முன்விளக்கை இரண்டு தரம் வெட்ட வேண்டும். பதில் வந்தால்தான் முன்வண்டி நகரும். பதில் போட்டவனை வெளியே கொண்டுவந்து சேர்ப்பது முன்னால் போகிறவன் பொறுப்பு. அங்கே போன் லைன் கிடைக்காது. வாக்கிடாக்கியைப் புனிதன் வீட்டு மேசையிலேயே மறந்துவிட்டான். ஆக, பேச்செல்லாம் வெளிச்சத்தில்தான்.

முதல் சிம்பாங். வலது பக்கம் போனால் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு திரும்ப வாசலுக்கே வரலாம். இடது பக்கம் இறங்கினால் பழைய ஈயக்குட்டை. அந்தக் காலத்தில் ஈயம் தோண்டிவிட்டுப் போன குழி. தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. ஆழம் யாருக்கும் தெரியாது. ஹேமநாதன் வலது பக்கம் திருப்பி நிறுத்தி, இரண்டு தரம் வெட்டினான். பின்னால் மஞ்சள் வெளிச்சம் இரண்டு தரம். இரண்டு விளக்கும் ஒன்றாக, சுத்தமாக. தன் கைவேலையை நினைத்து அவனுக்கே ஒரு சிரிப்பு. நகர்ந்தான்.

இரண்டாவது சிம்பாங். நின்றான். வெட்டினான். காத்திருந்தான். கொஞ்சம் நேரம் பிடித்தது... பிறகு வந்தது. வலது விளக்கு. அப்புறம், இடது.

ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து.

எர்த் வயர் ஆடுகிறது போல என்று நினைத்தான். சேற்றில் குலுங்கியதில் நட்டு இளகியிருக்கும். அவனுக்குக் கொஞ்சம் மானக்கேடாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை வாய் சும்மா இருக்குமா? அடுத்த இடத்தில் நிறுத்தி முடுக்கிவிடலாம் என்று ஓட்டினான். கண்ணாடியில் அந்த வெளிச்சம் கூடவே வந்தது. வளைவில் மறையும். மறுபடி தெரியும். நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை.

மூன்றாவது இடம். பழக்குலை ஏற்றுவதற்காகச் சாலையைக் கொஞ்சம் அகலமாக வெட்டி வைத்திருந்தார்கள். அங்கே நிறுத்தி இஞ்சினையும் அணைத்தான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினான். பின்னால் கொஞ்சம் தள்ளி, சாலை நடுவில், இரண்டு மஞ்சள் விளக்குகள் அசையாமல் நின்றன. அதைப் பார்த்து நடந்தான்.

பாதி தூரம் போயிருப்பான். என்னவோ குறைகிறது என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. இன்னும் நாலு எட்டு வைத்தான். அப்போதுதான் உறைத்தது.

சத்தம் இல்லை.

புனிதனின் ஜீப் நின்றாலும் கடகடவென்று ஊரைக் கூட்டும். அணைத்துவிட்டானோ? அணைத்திருந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டுமே, என்ன மச்சான் என்று ஒரு குரல் வந்திருக்க வேண்டுமே. மட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. சொட்... சொட்...

டிக்.

அவன் நெஞ்சுக்குப் பக்கத்தில்.

வலது விளக்கு அணைந்து எரிந்தது. சட்டைப் பைக்குள் மறுபடி டிக். அதற்கப்புறம், ஒரு மூச்சு கழித்து, இடது விளக்கு.

கை தானாகப் பைக்குள் போனது. பகலில் கழற்றிய அந்த ரிலே. வயர் இல்லை, பேட்டரி இல்லை, எதோடும் அதற்குச் சம்பந்தம் இல்லை. கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருந்தது... கோழிக்குஞ்சைப் பிடித்த மாதிரி. விரலுக்கு நடுவில் அது இன்னொரு தரம் கடித்தது. எதிரே இடது விளக்கு எரிந்தது.

அப்போதுதான் அவன் விளக்குகளுக்கு நடுவே பார்த்தான். நடுவில் வண்டியின் முகம் இருக்க வேண்டும். கண்ணாடி இருக்க வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை. மழைப்புகை மட்டும். அந்தப் புகைக்குப் பின்னால் செம்பனை மரத்தின் அடிமரம், அதில் முளைத்த பெரணி, இலை இலையாகத் தெரிந்தது. காற்று இல்லாமலே ஒரு வாடை வந்தது. குட்டைச் சேறும், நாள்பட ஊறிய இரும்பும் சேர்ந்த வாடை.

அவன் ஓடவில்லை. ஓடினால் என்ன ஆகும் என்று தெரியாததால் ஓடவில்லை. முகத்தைத் திருப்பாமல், பின்னாலேயே அடியெடுத்து வைத்து, முதுகு ஜீப்பில் இடிக்கிற வரைக்கும் வந்தான். ஏறிக் கதவைச் சாத்தினான். இஞ்சினை முடுக்கினான்.

முன்னால் போனால் வாசல். கொஞ்ச தூரம்தான். நேரே மிதித்தால் தப்பிவிடலாம். ஆனால் புனிதன்?

எத்தனை நேரமாக அவனுக்கும் புனிதனுக்கும் நடுவில் இது வந்துகொண்டிருக்கிறது? முதல் சிம்பாங்கில் பதில் போட்டது புனிதன்தான், விளக்கு இரண்டும் ஒன்றாக எரிந்தது. அதற்கப்புறம்? புனிதனுக்கு முன்னால் யார் போனார்கள்? யாருடைய பின்விளக்கைப் பார்த்து அவன் போனான்? திலகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது கண்ணுக்குள் வந்தது. இவன் மட்டும் போய் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

வண்டியைத் திருப்பினான். அந்த மஞ்சள் விளக்குகளுக்கு நேராக. வாயில் என்ன சாமி பேர் வந்ததோ அதைச் சொல்லிக்கொண்டே மிதித்தான். இடிக்கப் போகிறது என்று நினைத்த நொடியில் இரண்டும் அணைந்தன. ஒன்றன்பின் ஒன்றாக. அவன் வண்டி குளிர்ந்த எதையோ கிழித்துக்கொண்டு போன மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் வெறும் சாலை. ஈரச் செம்மண்ணில் டயர் தடம் பளிச்சென்று கிடந்தது. ஒரே வண்டியின் தடம்... அவன் வந்த தடம் மட்டும்.

முதல் சிம்பாங் வரைக்கும் அப்படியேதான். அங்கே வந்தபோதுதான் இன்னொரு தடம் தெரிந்தது. புனிதனின் அகல டயர். இடது பக்கம் திரும்பி, நேராகக் குட்டைக்கு இறங்கியிருந்தது.

ஜீப் கரையில் இல்லை. தண்ணீருக்குள் நின்றது. முன்பக்கம் மூழ்கி, தண்ணீர் கதவின் பாதி வரைக்கும் ஏறியிருந்தது. இஞ்சின் செத்துப்போயிருந்தது. விளக்குகள் தண்ணீருக்கு அடியில் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. குட்டைக்குள்ளே மஞ்சளாக ஒரு வெளிச்சம். அது வெட்டியது. இரண்டு தரம். கொஞ்சம் நின்றது. மறுபடி இரண்டு தரம்.

உள்ளே புனிதன் உட்கார்ந்திருந்தான். மடியில் தண்ணீர். கண் நேரே குட்டை நடுவைப் பார்த்தபடி, விரல் மட்டும் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஹேமநாதன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டினான். புனிதன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். ஹேமநாதனை அடையாளம் தெரிந்த மாதிரியே இல்லை.

"முன்னால நிக்கிறது என் மச்சான்," என்றான் புனிதன். "லைட்டு போட்டுக் கூப்பிடுறாரு. நீ யாரு?"

ஹேமநாதன் குட்டைப் பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று ஏதோ சொல்லியது. ஆனால் எதிரே கதவுக் கண்ணாடியில், புனிதன் முகத்துக்கு மேலே, சிவப்பாக ஒன்று வெட்டுவது தெரிந்தது. இரண்டு தரம். தண்ணீர் அவன் இடுப்புக்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏறியது. ஜீப் ஒரு சாண் முன்னால் வழுக்கியது.

என்ன சொன்னால் நம்புவான்? பேர் சொன்னால் நம்புவானா? பேரை அதுவும் சொல்லுமே.

"டேய் மாப்ள," என்றான். "உன் கல்யாணத்துல வேட்டி அவுந்து விழுந்துச்சே. மணவறைக்குப் பின்னால நின்னு என் பெல்ட்டக் கழட்டி உனக்குக் கட்டிவிட்டது யாரு? அன்னிக்கு முழுக்க இடுப்புல நிக்காத என் சிலுவார கையில புடிச்சுக்கிட்டு நான் சாப்பாடு பரிமாறினேன்டா. வேற யாருக்குடா தெரியும் அது?"

புனிதன் வாய் கோணியது. சிரிக்கிறானா அழுகிறானா தெரியவில்லை. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னியேலா," என்றான். சுவிட்சிலிருந்து விரல் விலகியது.

கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாகத்தான் இழுத்தான். இரண்டு பேரும் கரையேறி விழுந்தபோது, பின்னால் ஜீப் போகிற சத்தம் கேட்டது. தண்ணீர் அதை வாங்கிக்கொள்ளும் சத்தம்... குளக்... குளக்... அந்த மஞ்சள் வெளிச்சம் ஆழத்தில் இறங்கி, மங்கி, போயே போய்விட்டது.

புனிதனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஹேமநாதன் திரும்பினான். சிம்பாங்கைத் தாண்டியதும் கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம் வந்தது. வலது. அப்புறம் இடது. இரண்டு தரம் வெட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. மறுபடி வெட்டியது. புனிதனின் கை பழக்கதோஷத்தில் சுவிட்ச் பக்கம் நீண்டது. ஹேமநாதன் அந்தக் கையைப் பிடித்துத் தன் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டான். வாசல் வரைக்கும் அப்படியே ஓட்டினான்.

தோட்டத்து வாசலில் முனியாண்டி கோயில். அங்கே நிறுத்தினார்கள். ஈரத்தில் சூடம் பற்றவில்லை, பல குச்சி வீணாகி ஒருவழியாகப் பற்றியது. ஹேமநாதன் அந்த ரிலேயைச் சாமி காலடியில் வைத்தான். அது குளிர்ந்து போயிருந்தது. சும்மா ஒரு பழைய சாமான் மாதிரி. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சாலையைத் திரும்பிப் பார்த்தார்கள். வெளிச்சம் இல்லை. இருட்டு மட்டும். தவளைச் சத்தம்கூடத் திரும்ப வந்திருந்தது. கோயில் படியிலேயே இரண்டு பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் புனிதன் திருநீறு பூசிக்கொண்டு, போயிருச்சு மச்சான் என்றான். ஆமாம், போய்விட்டது என்று ஹேமநாதனும் சொன்னான்.

பகாவில் வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்தே இருந்தது. அடுப்பில் ஆணம் கொதிக்கிற வாசனை. ஹேமநாதன் முதலில் புனிதனைப் படி ஏற்றிவிட்டுத்தான் தான் ஏறினான். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சு லேசானது.

திலகா அடுப்படியிலிருந்து வந்தாள். புருஷனின் கோலத்தைப் பார்த்துத் திட்ட வாயெடுத்தவள், ரெண்டு பேரும் உயிரோடு வந்த நிம்மதியில் பாதியிலேயே விட்டுவிட்டாள். ஏன் இவ்வளவு நேரம், கூட வந்தவர் அப்போதே வந்துவிட்டாரே என்றாள்.

"கூட வந்தவரா?"

"ஆமாண்ணே. முச்சந்தியில நின்னு லைட்டு ரெண்டு தரம் அடிச்சாரு. நீங்கதான்னு நானும் வாசல் லைட்ட ரெண்டு தரம் போட்டு அணைச்சேன். வந்து பாத்தா வேற ஆளு. ஒண்ணும் பேசல. உடம்பெல்லாம் சாம்பலாட்டம் சேறு, பாவம், நடுங்கிக்கிட்டு நிக்கிறாரு. உங்க கூட வந்தவரு, வாசல்லயே நிக்க வெச்சா நல்லாவா இருக்கும்? உள்ள வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும்னு சொன்னேன்." அவள் பின்பக்கம் கையைக் காட்டினாள். "கை கால் கழுவுறாரு."

அப்போதுதான் அவர்களுக்குக் கேட்டது. வீட்டுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

கிறீச்சென்று யாரோ குழாயைத் திருகி மூடினார்கள்.